தோணியில் கொண்டுபோன கேள்வி

சளக், சளக், டொக்.

விடியற்பனிக்குள் தோணியும் தெரியவில்லை, ஆட்களும் தெரியவில்லை. சத்தம் மட்டும் குளத்தின்மேல் வட்டமடித்தது. சளக் என்பது துடுப்பு தண்ணீரில் படுவது. டொக் என்பது அது தோணியிலேயே படுவது.

"அந்த மருதமரத்த நான் மூணாந்தரமாக் காணுறன்," என்றாள் நதீரா.

"குளத்த உனக்குச் சுத்திக் காட்டுறன் புள்ள," என்றார் அவள் கணவர் ஸலாஹுதீன்.

நூல் பிடித்தாற்போல் சுவர் எழுப்பும் மேசன். நாவிதன்வெளிக் கூட்டாளியின் இரவல் தோணி மட்டும் நேராகப் போக மறுத்தது. ஆனால் அவர் போட்டிருந்த திட்டம் நேரானது. குளத்து நடுவிலுள்ள மண்திட்டியில் கூடாரம் அடிப்பது, ஒரு இரவு தங்குவது, நதீராவிடம் ஒரு சம்மதம், ஒரு ஓம் வாங்குவது.

வீடு அவளுடையது. அவளுடைய உம்மா சீதனமாகக் கொடுத்தது. இப்போது ஒரே மகள் றினோஸாவுக்கு நிக்காஹ் முடிந்து, வீடு அவள் பெயருக்கு மாறிவிட்டது. இனித் தாயும் தகப்பனும் பின்வளவிலுள்ள சின்ன வீட்டுக்குப் போகவேண்டும். ஊர் வழமை அது. ஸலாஹுதீனும் மறுக்கவில்லை. சின்ன வீட்டுக்குப் பூசிய பூச்சு இன்னும் காயவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மூணு மாசமாக் காயாத சீமெந்து உலகத்துல எங்க இருக்கு?" என்று கேட்டாள் நதீரா.

"இது நல்ல சீமெந்து. ஆறுதலாத்தான் காயும்."

அவருக்கு முழு வீடும் வேண்டாம். முன்னறை மட்டும் போதும். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்த வருடம் வீட்டின் முன்பக்கம் இடிந்தது. அவருடைய உம்மாவையும் அன்றைக்குத்தான் கடல் கொண்டுபோனது. அடக்கம் செய்ய ஜனாஸா கிடைக்கவில்லை. அழத் தெரியாமல் அவர் தனியாளாகக் கல்லடுக்கினார். அந்தக் கல்தான் முன்னறை.

நதீரா ஒரு வார்த்தை சொன்னால் மகள் தட்டமாட்டாள். ஆனால் வீட்டில் இந்தக் கதையை எடுத்தாலே அவளுக்குக் குசினியில் அடுப்புவேலை வந்துவிடும். திட்டியில் எந்தக் குசினிக்கு ஓடுவாள்? கிணற்றை எட்டிப் பார்க்கவே பயப்படுகிறவள், தோணி என்றதும் உடனே ஓம் என்றாள். அப்போதாவது அவர் யோசித்திருக்க வேண்டும்.

திட்டியில் இறங்கியதும் தொண்டையைச் செருமினார்.

"நதீரா, ஒரு கதை கதைக்கணும்."

"சோறு வேகட்டும்."

சோறு வெந்தது.

"அந்த முன்..."

"முள் பார்த்துத் தின்னுங்க. வாயில சோத்த வச்சிக்கிட்டுக் கதைக்காதீங்க."

"அஸர் தொழுத பொறகாவது..."

"கூடாரம் சாயுது, முதல்ல அதப் பாருங்க!"

அது சாய்ந்தது மட்டுமல்ல, அவர்மேலேயே விழுந்தது. அதற்குள்ளிருந்தபடியே கேட்டுவிடலாமா என்றுகூட நினைத்தார். இரவைக் கொசுக்கள் எடுத்துக்கொண்டன. மறுநாள் பகலும் அப்படியே போனது. கேள்வியைக் கொண்டுபோனபடியே திரும்பக் கொண்டுவந்தார்.

வாசலில் மருமகன் ஸஜாத் பணிவாக நின்றான்.

"மாமா, கட்டில், அலுமாரி, உங்கட மேசன் சாமான் எல்லாம் பக்குவமாப் பின் வீட்டுல வச்சிட்டம்."

அவன் பின்னால் றினோஸா அழுத முகத்தோடு நின்றாள்.

ஸலாஹுதீன் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வளவுக்கு நடந்தார். சின்ன வீட்டுக்குள் விளக்குப் போட்டிருந்தது. கட்டிலில் புது விரிப்பு. சுவரைத் தொட்டுப் பார்த்தார். நன்றாகக் காய்ந்திருந்தது. பின்னாலேயே வந்த நதீராவிடம் திரும்பினார்.

"நீ சொல்லித்தானே செஞ்சிருக்காங்க?"

"ஓம். நீங்க வீட்டுல இருந்தா ஒரு கதிரையக்கூட வெளிய எடுக்க விட்டிருக்கமாட்டீங்க."

"நான் என்ன கேக்க வந்தனெண்டு தெரியுமா?"

"முன்னறை."

"தெரிஞ்சா ஏன் வாயத் திறக்க விடல்ல? இல்லையெண்டு ஒரு சொல் சொன்னா முடிஞ்சிருக்குமே."

நதீரா தலையணைக்கு உறை போட்டுக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"அந்த அறையக் கேட்டா உங்களுக்கு இல்லையெண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஓமெண்டுதான் சொல்லியிருப்பன். பொறகு புள்ளைக்கிட்ட எந்த முகத்தோட போய்க் கேக்கிற? அதான் கேக்க விடல்ல."

அவர் அவள் கையிலிருந்த தலையணையை வாங்கிக் கட்டிலில் வைத்தார்.

"வாழை ரெண்டு நாளாத் தண்ணியில்லாம நிக்குது," என்றாள் அவள், மெதுவாக.

ஸலாஹுதீன் சாறனை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியைத் தூக்கிக் கிணற்றடிக்குப் போனார்.