ஒற்றைக் கைக் கும்பிடு

கும்பிடுவதும் ஒரு வியாதிதான். இருபது வருடம் ஜவுளிக்கடை வாசலில் நின்றால் யாருக்கும் வரும். எனக்கு முற்றியே போயிருந்தது. மாம்பலம் ஸ்டேஷனில் டிக்கெட் பரிசோதகர் கையை நீட்டியபோது, டிக்கெட்டை எடுக்காமல், "வாங்க சார், பட்டா, காட்டனா?" என்று கேட்டவன் நான்.

எங்கள் அண்ணாச்சியின் கடை தியாகராய நகரில் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன், இன்ஜினியரிங் முடித்த கையோடு அவர் மகன் தினேஷ் ஒரு பொம்மையைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். ஆள் உயரம், பட்டுப்புடவை. எதிரே யார் வந்தாலும் கைகூப்பி, "வணக்கம், வாங்க" என்னும். டீ கேட்காது, கால் வலிக்கிறது என்று முனகாது.

"வாசலுக்கு இது போதும்ப்பா. மாமாவைக் குடோனுக்கு அனுப்பிடலாம்," என்றான். மாமா என்பது நான்தான்.

குடோன் தரைக்குக் கீழே. ஜன்னல் கிடையாது, மனித முகம் கிடையாது, நாள் முழுக்கத் துணி மூட்டைதான். பயந்தவன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "தம்பி, மனுஷன் கும்பிடறதும் மிஷின் கும்பிடறதும் ஒண்ணா?" என்று வசனம் பேசிவிட்டேன்.

"அப்ப நீங்க மனுஷன்னு நிரூபிங்க மாமா," என்று லேப்டாப்பைத் திறந்தான். நாம் ரோபோ இல்லை என்று கட்டம் கட்டமாக நிரூபிக்க வேண்டிய இணைய விளையாட்டு. தினேஷே இரண்டு நாளாக முட்டி நின்ற கட்டத்தை எனக்குப் போட்டான். முகங்கள் மின்னி மறையும். மனித முகம் என்றால் உடனே மவுஸை அமுக்க வேண்டும், ரோபோ முகம் என்றால் தொடக் கூடாது. இருபது முகம், ஒரு தப்புகூட இல்லாமல்.

அண்ணாச்சிக்கு ஒரே குஷி. "ஜெயிச்சா வாசல்லயே நில்லும்வே. தோத்தா குடோன். ரெண்டே வாய்ப்புதான்."

வாடிக்கையாளர்கள் கூடிவிட்டார்கள். முதல் முகம் ஓர் அம்மாள், நெற்றி நிறையப் பொட்டு. என் கைகள் இரண்டும் மவுஸை விட்டுத் தாமாக எழுந்து கூப்பிக்கொண்டன. "வாங்கம்மா," என்றேன், லேப்டாப்பைப் பார்த்து.

திரை சிவந்தது. நான் ரோபோவாம். அதே நேரம் யாரோ குறுக்கே போக, பொம்மையும் "வணக்கம், வாங்க" என்றது. கூப்பிய கையோடு இருவரும் அருகருகே நின்றோம்.

"அம்மா, இதுல எது பொம்மை?" என்று ஒரு குழந்தை கேட்டது. கடையே சிரித்தது.

புடவைப் பிரிவுச் செல்வி மட்டும் சிரிக்காமல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "இன்னாண்ணே, கம்ப்யூட்டரைப் போய்க் கும்புட்டுகினு கீற? எடக் கையைப் பின்னால பெல்ட்டுல சொருவு. ஒத்தக் கையால எப்புடிக் கும்புடுவ?"

"மூஞ்சி நிக்காம ஓடுதேம்மா."

"மே மாசத்துல எவன் பொடவைக்கு வரான், எவன் சும்மா ஏசி காத்து வாங்க வரான்னு படியேற சொல்லவே கண்டுபுடிப்பியே! ரோபோல்லாம் ஏசி கூட்டம்னு நெனச்சுக்கோ."

சொருகினேன். புடவை, அமுக்கு. ஏசி, விடு. புடவை, புடவை, ஏசி. இருபதாவதாக வந்தது பல்லெல்லாம் தெரியச் சிரித்த ஒரு ரோபோ. இடது கை துடித்தது, பெல்ட் விடவில்லை. திரை பச்சையானது!

வெற்றி மயக்கத்தில் கையை வெடுக்கென்று உருவினேன். பெல்ட் கொக்கியும் கூடவே வந்தது. ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செல்வியைக் கும்பிட்டேன். அண்ணாச்சி சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வாசல் பொம்மை, குழந்தைகள் பிரிவுக்குப் போனது.

இன்றும் வீட்டில், "நானும் மனுஷன்தானே" என்று அலுத்துக்கொண்டால், "தெரியும், கம்ப்யூட்டரே சர்ட்டிபிகேட் குடுத்திருக்கு, போய்த் தேங்காயைத் துருவுங்க," என்கிறாள் என் மனைவி.

செல்வி இப்போது அடையாறில் சொந்தமாகத் தையல் கடை வைத்திருக்கிறாள். அவள் இல்லாவிட்டால் இத்தனை வருடம் இத்தனை முகங்களைப் பார்த்திருக்க மாட்டேன். அந்த நன்றி எனக்கு அப்படியே இருக்கிறது. தீபாவளிக்குத் துணி எடுக்க அவள் படியேறும்போது, மற்றவர்களுக்குத் தானாக எழும் கைகளை அவளுக்கு மட்டும் நானாக எடுத்துக் கூப்புவேன்.

கடையே கேட்கும்படி அவள் சொல்வாள்: "பேண்ட்டைப் புடிச்சிக்கோண்ணே!"