பிரையனி சொன்னதாக அச்சடித்த துணி

ஹேமிஷ் எழுந்தான். கோழிகளைத் திறந்துவிட்டான். நாய்க்குத் தீனி போட்டான். மழைநீர்த் தொட்டியைத் தட்டிப் பார்த்தான். பாதிக்கு மேல் இருந்தது. தேநீர் குடித்தான். கோப்பையைக் கழுவித் துடைப்பதற்குத் துணியை எடுத்தான்.

துணியில் இரண்டு புரோல்கா கொக்குகள் இறக்கை விரித்து ஆடிக்கொண்டிருந்தன. கீழே, அவன் மனைவி பிரையனியின் கடைசி வார்த்தைகள் பச்சை எழுத்தில் இருந்தன: "கொக்குகளுக்குப் போக வேறு இடமில்லை."

அவள் கடைசியாக என்ன சொன்னாள் என்பது ஹேமிஷுக்குத் தெரியாது.

அவள் உயிர் போன நேரத்தில் அவன் மருத்துவமனைக் காபி இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். அது முதலில் காபி இல்லாமல் கோப்பை கொடுத்தது. பிறகு கோப்பை இல்லாமல் காபி கொடுத்தது. திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடக்கம் ஆன பிறகு ஊர் மண்டபத்தில் தேநீர். சதுப்புப் பாதுகாப்புக் குழுவின் தலைவி வில்மா, சாண்ட்விச் தட்டோடு அவனிடம் வந்தார்.

"கடைசியா என்னப்பா சொன்னா?"

காபி வாங்கப் போயிருந்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பிரையனி வருஷா வருஷம் முழங்கால் சேற்றில் நின்று அந்தச் சதுப்பில் கொக்கு எண்ணியவள். சதுப்பை வடித்துவிட்டு, சுற்றுலா வண்டிகள் வந்து தங்கக் கேரவன் பூங்கா போட்டே தீருவது என்று கவுன்சில் தலைவர் நெவில், கொக்குக்குப் போட்டியாக ஒற்றைக்காலில் நின்றார். ஹேமிஷ் வாயில் வந்ததைச் சொல்லிவைத்தான்.

வில்மா தட்டைக் கீழே வைத்தார். கொஞ்ச நாளில் துணி வந்துவிட்டது. ரொட்டிக்கடை வாசலில் நிதிக்காக சாஸேஜ் சுட்டு விற்கிற மேசையில் துணியும் விற்றது.

இதை வளரவிடக்கூடாது என்று வில்மா வீட்டுக்குப் போனான்.

"வில்மா, அது வந்து... அவ சொன்னது எனக்கு அவ்வளவு சரியா ஞாபகம் இல்ல."

"அப்படின்னா இன்னும் ஏதோ சொல்லியிருக்கா!"

"ஐயோ, அப்படி இல்ல."

"யோசிச்சுப் பாரு கண்ணு. அவசரமே இல்ல. அச்சகத்துல திங்கக்கிழமை வரைக்கும் பொறுப்பாங்க."

தப்பித்தால் போதுமென்று "தவளைக்கும்தான்" என்றுவிட்டு வண்டியேறினான். அடுத்த துணியில் தவளையும் இருந்தது.

அந்த வாரமே நெவில் வேலியோரம் வண்டியை நிறுத்தினார்.

"உன் பொண்டாட்டியை வில்மா முழம் போட்டு விக்கிறா, பாத்தியா?"

"பாத்தேன்."

நெவில் தொப்பியைக் கழற்றினார். பிரையனி சிறுமியாக இருந்தபோது அவளுக்கு டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

"என்னையத் திட்டிக்கிட்டேதான் போனாளாப்பா?"

அவர் கண் கலங்கி ஹேமிஷ் பார்த்ததில்லை. "சேச்சே. உங்களைப் பத்தி நல்லவிதமாத்தான் சொன்னா."

மதியமே உள்ளூர் வானொலியில் நெவில் பேசினார். பிரையனி மனமார வாழ்த்திவிட்டுப் போனாளாம். கேரவன் பூங்காவுக்கு அவள் பெயரையே வைக்கப்போகிறாராம்.

வில்மா தொலைபேசியில் வெடித்தார். "என்னடா பண்ணி வச்சிருக்க? செத்தப்புறம் கட்சி மாறிட்டாளா அவ?"

உண்மையில் அவள் என்னதான் சொன்னாள்? காலையில் கண் விழித்தால் அதே யோசனை. மருத்துவமனையில் கேட்டிருக்கலாம். கேட்டால், பக்கத்தில் நான் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பூங்கா வேண்டுமா வேண்டாமா என்று கவுன்சில் வாக்கெடுத்த நாளன்று ஊரே மண்டபத்துக்கு வந்துவிட்டது. கவுன்சிலில் சரிபாதி அந்தப் பக்கம், சரிபாதி இந்தப் பக்கம். மிச்சமிருந்தவர் பால்பண்ணைக்கார டெஸ்.

"எனக்கு வரைபடமும் புரியல, லாபமும் புரியல," என்றார் டெஸ். "ஆனா அந்தப் பொண்ணுக்கு அந்தச் சதுப்பு தெரியும். அவ கடைசியா என்ன சொன்னாளோ அதுதான் என் ஓட்டு. துணி ஒண்ணு சொல்லுது, ரேடியோ ஒண்ணு சொல்லுது. தம்பி, நீ எந்திரிச்சுச் சொல்லு."

ஹேமிஷ் எழுந்தான்.

"நான் அங்க இல்ல. காபி வாங்கப் போயிருந்தேன். அவ என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. எல்லாம் நானாச் சொன்னது. தவளை உட்பட."

வில்மா முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். துடைத்த பிறகுதான் அது எந்தத் துணி என்று பார்த்தார். நெவில் தொப்பியை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டே இருந்தார்.

"அப்ப சதுப்புக்குன்னு அவ ஒண்ணும் சொல்லல," என்றார் டெஸ் மெதுவாக. அவர் கை நெவில் பக்கமாக உயரத் தொடங்கியது.

"ஒரு நிமிஷம்!"

பின்வரிசையில் ஒரு பெண். மருத்துவமனைச் சீருடையோடு வந்திருந்தாள்.

"நான் கோரலி. அன்னைக்கு அவ பக்கத்துல இருந்த நர்ஸ். அவ சொன்னதை இவர்கிட்ட சொல்லிடுன்னு, அடுத்த ஷிஃப்ட்டுக்கு வந்தவகிட்ட சொல்லிட்டுத்தான் போனேன். அப்புறம் துணியைப் பாத்தேன். சரி, சொல்லிட்டா போலன்னு நினைச்சேன்."

"என்ன சொன்னா?" வில்மாவும் நெவிலும் முதல்தடவையாக ஒரே குரலில் கேட்டார்கள்.

கோரலி ஹேமிஷைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான்.

"'ஹேமிஷ் எங்க?'ன்னு கேட்டா. காபி வாங்கப் போயிருக்கார்னேன். அதுக்கு அவ சொன்னது இதான்: 'நான் கடைசியா என்ன சொன்னேன்னு ஊரே அவன்கிட்ட கேக்கும். கொக்குக்காக ஏதாவது அடிச்சு விடச் சொல்லு. அவனுக்குப் பொய் வராதுன்னு எல்லாருக்கும் தெரியும், நம்பிடுவாங்க.'"