பொனற் அன்ரி லைசென்ஸ் எடுத்த கதை

சிட்னியின் மெரிலேண்ட்ஸ் வட்டாரத்தில் தமிழர்கள் வைத்திருக்கும் கார்களெல்லாம் பெட்ரோலில் ஓடுவதாகச் சிலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். தப்பு. அவை பொனற் அன்ரிக்குப் பயந்து ஓடுகின்றன.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் அடுக்குமாடியில் யாருக்கும் தெரியாது. காரின் முன்மூடியை நாங்கள் பானெட் என்போம். யாழ்ப்பாணத்துக்காரரான அவர் பொனற் என்பார்; ஆன்ட்டியை அன்ரி என்பார். யாரைக் கண்டாலும் வணக்கம் சொல்வதற்கு முன்னால், "பொனற்றைத் திறவுங்கோ பாப்பம்" என்று ஆரம்பிப்பார். பெயர் தானாக ஒட்டிக்கொண்டது.

நாங்கள் குடிவந்த அன்று கார் நிறுத்துமிடத்தில் மெத்தையை இறக்கிக்கொண்டிருந்தேன். நீலநிற ஆஸ்பத்திரிச் சட்டை போட்ட ஓர் அம்மா வந்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தம்பி, முன்னுக்கு நல்லா மொட்டையாப் போச்சு. இப்பவே கவனிக்காட்டி பிறகு சரிவராது."

புது வீடு, புது ஊர், முதன்முதலாகப் பேசும் பக்கத்து வீட்டுக்காரர். என் கை தானாக முன்நெற்றிக்குப் போனது. மனைவி ரேவதி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள்.

"ஆமாங்க, அது பரம்பரையா வர்றது" என்றேன்.

"பரம்பரையா வந்த ரயரோ? அப்ப கட்டாயம் மாத்துங்கோ" என்று என் காரின் முன் டயரைச் செருப்பு நுனியால் தட்டிக் காட்டினார்.

அடுத்த உத்தரவு, பொனற்றைத் திறக்க. நான் கம்ப்யூட்டர் வேலை செய்கிறவன். காருக்குள் குனிந்து நம்பிக்கையோடு ஒரு பிடியை இழுத்தேன். பெட்ரோல் மூடி திறந்தது. இன்னொன்றை இழுத்தேன். டிக்கி திறந்தது.

"எல்லாம் திறக்குது. திறக்க வேண்டினது மட்டும் திறக்குதில்லை" என்றார் அன்ரி, அனுதாபத்தோடு. அந்தக் காரை நான் இரண்டு வருஷமாக ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அன்ரிக்கு உத்தியோகம் பரமட்டாவில் ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளர். அதனால் கார்களையும் அவர் வாய்களாகவே பார்த்தார். பொனற்றைத் தூக்கி டார்ச் அடித்து, "ஆ... காட்டு" என்று முணுமுணுத்தபடி உள்ளே எட்டிப் பார்ப்பார். "பல்லு மாதிரித்தான் தம்பி. நோ வந்த பிறகு பாத்தா புடுங்கத்தான் வேணும்" என்பது அவருடைய வேதவாக்கு. ஆயில் பார்க்கிற கம்பியை உருவித் துடைத்து, மறுபடி செருகி, மறுபடி உருவி அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும்போது, கார் சொந்தக்காரர் எக்ஸ்ரே முடிவுக்குக் காத்திருப்பவரைப் போல எச்சில் விழுங்கிக்கொண்டு நிற்பார்.

பிறந்தநாள் விழாக்களில் கேக் வெட்டும் நேரத்தில் அன்ரி காணாமல் போவார். கொஞ்ச நேரத்தில் மைக்கில் ஒரு கார் எண்ணை அறிவிப்பார்கள். வழியை மறைத்து நிறுத்திவிட்டோமோ என்று சொந்தக்காரர் ஓடினால், அங்கே கையில் டார்ச்சோடு அன்ரி நிற்பார். "பின் லைற் ஒண்டு எரியேல்லை. பொலிஸ் பிடிக்க முந்தி நான் பிடிச்சிட்டன்."

கல்யாணங்களுக்கு எல்லோரும் குத்துவிளக்கும் வெள்ளிக் கிண்ணமும் கொண்டுபோவார்கள். அன்ரியின் பரிசு எப்போதும் ஒன்றுதான்: செத்துப்போன பாட்டரிக்கு அடுத்த காரிலிருந்து உயிர் கொடுக்கிற சிவப்பும் கறுப்புமான ஜம்பர் கேபிள். மேலே ரோஜா நிற ரிப்பன். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார், இது யாழ்ப்பாணத்துச் சம்பிரதாயம் போலும் என்று எண்ணி அதை மணவறையில் பயபக்தியோடு வைத்துவிட்டார். வீடியோவில் இன்றைக்கும் தாலிக்குப் பக்கத்தில் ஜம்பர் கேபிள் இருக்கிறது.

விருந்துக்குக் கூப்பிட்டாலும் சும்மா விடமாட்டார். இடியப்பமும் சொதியும் மேசையில் ஆவி பறக்கும். நாம் நாற்காலியை இழுத்து உட்காரப் போகும் சமயம் பார்த்து, "உங்கட குசினியில தண்ணிக் குழாய் வெடிச்சா எங்கை போய்ப் பூட்டுவீங்கள்?" என்பார். தெரியாது என்றால் இடியப்பம் காத்திருக்கும். நாம் கீழே போய் மீட்டர் பக்கத்து வால்வைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரவேண்டும். மூன்றாம் மாடியில் இருந்த மலேசியத் தமிழர் செல்வா, டிவியில் படம் வராவிட்டால் பெர்த்தில் இருக்கிற மகனுக்குப் போன் செய்கிறவர். ஒரு நாள் இன்டர்நெட் வரவில்லை என்று மகனைக் கூப்பிடப் போனவரின் கையிலிருந்து அன்ரி போனைப் பிடுங்கிக்கொண்டார்.

"அவன் அங்கையிருந்து ஊதினா இங்கை லைற் எரியுமே? முதல்ல உந்தப் பெட்டியை நிப்பாட்டிப் போட்டுப் பாருங்கோ."

செல்வா மோடத்தை அணைத்துப் போட்டார். இன்டர்நெட் வந்தது. "இவ்வளோதானா லா!" என்று அவர் போட்ட சத்தம் பெர்த்துக்கே கேட்டிருக்கும். ஆனால் மறுநாள் மகனைக் கூப்பிட ஒரு சாக்கு இல்லாமல் மனிதர் வாடிப்போனார். அதையும் அன்ரிதான் கவனித்தார். "இனி அவனுக்கு எடுத்து, நானே சரிக்கட்டிப்போட்டன் எண்டு புழுகுங்கோ" என்று வழி சொல்லிக் கொடுத்தார்.

இப்படிப்பட்டவருக்குக் கார் ஓட்டத் தெரியாது என்பதை நாங்கள் மிகத் தாமதமாகத்தான் கண்டுபிடித்தோம்.

ஓட்டுவது அவர் கணவர். அங்கிள் அதிகம் பேசாதவர். சாந்தமாக, அழகாக ஓட்டுவார். ஆனால் பெட்ரோல் போடுவதைத் தவிர அந்த வெள்ளைக் காரைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. "அவர் ஓடுவார், நான் ஓட வைப்பன்" என்று அன்ரி பெருமையாகச் சொல்வார்.

இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது என்று ரேவதி ஒருமுறை கேட்டாள். அவர்கள் சிட்னிக்கு வந்த புதிதில், நெடுஞ்சாலை ஓரத்தில் கார் நின்றுவிட்டதாம். வெயிலில் வெகுநேரம் காத்திருந்த பிறகு பழுதுபார்க்கிற ஒரு பையன் வந்தான். பொனற்றைத் திறந்தான், கழன்றிருந்த பாட்டரி வயரைத் திரும்பப் பூட்டினான், கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

"அந்தப் பெடியன்ல எனக்குக் கோபமில்லைப் பிள்ளை. ரெண்டு வளந்த சனம், றோட்டுக்கரையில பார்சல் மாதிரிக் கிடந்தம், ஆரும் வந்து தூக்குவினம் எண்டு. அதுதான் வெக்கமாப் போச்சு."

அடுத்த வாரமே மாலை வகுப்பில் சேர்ந்தார். கார் பழுதுபார்க்கிற வகுப்பில் சேலையோடு போனது தான் ஒருத்திதான் என்றார். முந்தானையை எப்படிச் செருகிக்கொள்வது என்பது மட்டும்தான் அங்கே பாடத்தில் இல்லாத விஷயமாம்.

போன வருஷம் அங்கிளுக்குக் கண்பார்வை மங்கத் தொடங்கியது. இனி ஓட்டக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அங்கிள் வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில் மாட்டிவிட்டு பால்கனியில் உட்கார்ந்தார். அன்றிலிருந்து தினமும் காலையில் அங்கே உட்கார்ந்து, கீழே நிற்கும் வெள்ளைக் காரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு அது ஒரு வெள்ளைப் புகையாகத்தான் தெரிந்திருக்கும்.

ஒரு சனிக்கிழமை அன்ரி எங்கள் கதவைத் தட்டினார்.

"தம்பி, எனக்குக் கார் ஓடப் பழக்கி விடுவீங்களே?"

ஊரையே மிரட்டுகிற குரல், அன்றைக்கு வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

எழுத்துத் தேர்வில் அநாயாசமாகத் தேறினார். மஞ்சள் எல் பலகையைக் காரில் மாட்டிக்கொண்டு கிளம்பினோம். முதல் நாள் எஞ்சினைக் கிளப்பினார், அணைத்தார், மறுபடி கிளப்பினார்.

"உது என்ன சத்தம்?"

"எஞ்சின் சத்தம் அன்ரி."

"அது தெரியும். மற்றது."

மற்றது என் இதயம்.

இருபது கிலோமீட்டர் வேகத்தில் போனோம். சைக்கிளில் போன ஒரு பெரியவர் எங்களைக் கடந்துபோகும்போது கையசைத்தார். ரவுண்டானாவில் நுழைந்தால் வெளியே வர அன்ரிக்கு மனம் வராது. கோயில் பிராகாரம் மாதிரி மூன்று முறை வலம் வந்த பிறகுதான் வெளியேறுவார். ஸ்டீயரிங்கைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. ஓரமாக நிறுத்தச் சொன்னேன்.

"நீங்களா பயப்படுறீங்க? இந்தக் காரைப் பிரிச்சுப் போட்டா கண்ணை மூடிக்கிட்டுத் திரும்ப மாட்டுவீங்களே!"

"உள்ளுக்கை என்ன நடக்குது எண்டு எனக்குத் தெரியும் தம்பி. எதிர்ல வாறவன் என்ன செய்வான் எண்டுதான் தெரியாது" என்றார்.

எனக்கும் அது தெரியாது. தெரியாமலேயே இத்தனை வருஷம் ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

இருந்தாலும் விடாமல் பழகினார். தேர்வு நாள் வந்தது. பக்கத்தில் உட்கார்ந்த அதிகாரி ஓர் இளம்பெண். முதலில் விளக்குகளைச் சோதித்தபோது, அன்ரியின் கார் கல்யாணப் பெண் மாதிரி ஜொலித்தது. அதற்குப் பிறகு நடந்ததை அன்ரி வாயாலேயே கேட்டோம். முன்னால் போன ஒரு காரில் பிரேக் விளக்கு எரியவில்லை. "இடப்பக்கம் திரும்புங்கள்" என்றாராம் அதிகாரி. அன்ரி திரும்பவில்லை. அந்தக் காரைத் துரத்திக்கொண்டு நேரே போய்விட்டார். அடுத்த சிக்னலில் அதை ஓட்டியவனுக்குப் பக்கத்தில் நிறுத்தி, கண்ணாடியை இறக்கி, விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் பச்சை வந்து போய்விட்டது. பின்னால் நின்றவர்கள் எல்லோரும் ஹாரனில் கச்சேரி நடத்தினார்களாம். தேறவில்லை என்று அதிகாரி எழுதிக் கொடுத்துவிட்டார்.

"அன்ரி, அவங்க திரும்பச் சொன்னா திரும்ப வேண்டியதுதானே?" என்றாள் ரேவதி.

"இடப்பக்கம் எங்கை ஓடிப்போகுது பிள்ளை? பிறகும் அங்கதானே இருக்கும். அவனை விட்டா நான் எங்கை தேடிப் பிடிக்கிறது?"

சிரித்தோம். அவரும் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு அவர் கீழே இறங்கவில்லை. கார் நிறுத்துமிடத்தில் டார்ச் வெளிச்சம் இல்லை. என் காரின் வைப்பர் கிறீச்சிட்டது, கேட்க ஆளில்லை. செல்வா தானாகவே போய்த் தன் கார் டயர்களுக்குக் காற்றடித்துவிட்டு வந்து, அன்ரியின் ஜன்னலுக்குக் கீழே நின்று, "காத்து அடிச்சாச்சு லா!" என்று உரக்க அறிவித்துப் பார்த்தார். ஜன்னல் திறக்கவில்லை.

ஒரு நாள் அங்கிளை அன்ரி கண் வைத்தியரிடம் பேருந்தில் கூட்டிப்போய் வந்தார். நெரிசலில் அங்கிள் படி தெரியாமல் தடுக்கி விழப் பார்த்தாராம். அன்று சாயங்காலம் நான் போனபோது அன்ரி தேத்தண்ணீரை ஆற்றிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. பேசாத அங்கிள் பேசினார்.

"நீ ஓடு. நான் பக்கத்தில இருக்கிறன். மற்ற ஆக்களெண்டா பயத்தில கண்ணை மூடுவினம். எனக்கு அந்தக் கரைச்சலும் இல்லை."

அன்ரி அவரை முறைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "நாளைக்கு எத்தினை மணிக்கு வருவீங்கள்?" என்றார்.

இரண்டாவது தேர்வுக்குக் கிளம்பும் காலை. நானும் ரேவதியும் அன்ரியோடு கீழே இறங்கினோம். வெள்ளைக் காரின் பின்சக்கரம் தரையோடு படுத்திருந்தது. டயரில் ஓர் ஆணி.

அன்ரியைத் திரும்பிப் பார்த்தேன். நெற்றியில் திருநீறு, இஸ்திரி போட்ட சேலை, மார்போடு அணைத்த கைப்பை. எங்களுக்குத் தெரிந்து முதன்முறையாக, ஒரு டயரைப் பார்த்து அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"அன்ரி, நீங்க அப்படி உக்காருங்க" என்றாள் ரேவதி. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு டிக்கியைத் திறந்தாள். நான் மாற்றுச் சக்கரத்தைத் தூக்கினேன். கார் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தினோம், பிறகு ஜாக்கியை வைத்தோம், சக்கரத்தைக் கழற்றினோம். நட்டு ஒன்று என் கையிலிருந்து நழுவி உருண்டபோது அன்ரி பாதி எழுந்துவிட்டார். உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தார். புதுச் சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முடுக்கி நாங்கள் நிமிர்ந்தோம். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு சக்கரம் மாற்றியிருக்கிறோம். கையெல்லாம் கரி. யாராவது படம் எடுத்தால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

அன்ரி எழுந்து வந்தார். குனிந்து பார்க்கவில்லை. நட்டைத் தொட்டுப் பார்க்கவில்லை. நேரே ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார்.

"செக் பண்ணலையா அன்ரி?" என்றேன்.

"நீங்கள் ரெண்டு பேரும் பூட்டினதுதானே. ஏறுங்கோ."

அன்றைக்கு அவர் அதிகாரி சொன்ன இடத்தில் திரும்பினார், சொன்ன இடத்தில் நின்றார். வழியில் ஒரு காரின் பின்விளக்கு எரியவில்லையாம். அதன் எண்ணை மனப்பாடம் செய்துகொண்டு, தேறிவிட்டீர்கள் என்று அதிகாரி சொன்ன அடுத்த நொடி, அந்த எண்ணை அவரிடமே ஒப்பித்தாராம். அதிகாரி என்ன செய்வதென்று தெரியாமல் எழுதிக்கொண்டாராம்.

இப்போது அன்ரிதான் ஓட்டுகிறார். கண் வைத்தியர், கோயில், சனிக்கிழமைச் சந்தை எல்லாவற்றுக்கும் அங்கிள் பக்கத்து இருக்கையில், வெளியே பார்த்தபடி, ராஜா மாதிரிப் போகிறார். வேகம் மட்டும் இன்னும் கூடவில்லை. ஐந்து மணிக்கு வருவோம் என்றால் ஆறரைக்குத்தான் வருவார்கள்.

ஆறு மணியானால் ரேவதி ஜன்னலோரம் போய்விடுகிறாள். நான் சும்மா காற்று வாங்குவது போலப் பால்கனிக்குப் போகிறேன். மேலே செல்வா வீட்டுத் திரையும் விலகியிருக்கும். கீழே வெள்ளைக் கார் மெல்ல வந்து, மூன்று தடவை முன்னும் பின்னும் போய், கோட்டுக்குள் நின்று, விளக்கு அணைந்த பிறகுதான் எங்கள் இரண்டு வீட்டிலும் இரவுச் சாப்பாடு.