என் இடத்துக்கு ஆள் தேவை

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

அண்ணன் மகள் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் முழங்கால் வலியும் சித்தியின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இந்தக் கடிதம் ஒரே வேண்டுகோளுக்காக. மெத்தைக் கடை முதலாளியிடம் எனக்காகப் பேசப் போகாதீர்கள். அவர் உங்களோடு காலையில் நடக்கிறவர், "நம்ம வீட்டுப் பொண்ணு" என்று சொல்லி நீங்கள்தான் அந்த வேலையை வாங்கிக் கொடுத்தீர்கள், எல்லாம் சரி. ஆனால் நான் அங்கே வீட்டுப் பெண்ணாகப் போகவில்லை. மாதாமாதம் விளம்பரம் வடிவமைத்துத் தருவேன், வேலை குறைந்தாலும் மாதக் கூலி குறையாது, யார் முறித்துக்கொண்டாலும் ஒரு மாதம் முன்னால் எழுதிச் சொல்ல வேண்டும், அந்த மாதமும் வேலை உண்டு, கூலி உண்டு என்று ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனவள். "எதுக்கும்மா இதெல்லாம், நாம என்ன பகையாளியா?" என்று அன்றைக்குச் சிரித்தார். பகையாளியோடு யாரும் ஒப்பந்தம் போடுவதில்லை, சித்தப்பா. சிரிக்கிறவர்களோடுதான் போடவேண்டியிருக்கிறது.

போன வாரம் கடையின் வாட்ஸ்அப் குரூப்பிலிருந்து என்னை நீக்கிவிட்டார். ஒரு வார்த்தை இல்லை. அவருடைய மருமகன் ஏதோ செயலியில், ஒரு குடும்பமே செருப்போடு மெத்தையில் படுத்திருக்கிற மாதிரி ஒரு படம் செய்து காட்டினானாம். மாமனாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, இனி விளம்பரமெல்லாம் அவன் கையில். நேரே போய் ஒப்பந்தத்தை மேசையில் வைத்தேன்.

"குரூப்ல இருந்து எடுத்தேனே, அதுவே நோட்டீஸ்தானேம்மா?"

"இந்தக் கட்டட ஓனர் உங்க கடைப் பூட்டை மாத்திட்டுப் போனா, அதையும் நோட்டீஸ்னு எடுத்துப்பீங்களா சார்?"

கல்லாவில் இருந்த அக்கா இருமினார். முதலாளியின் முகம் சுண்டிவிட்டது. "சரி, ஒரு மாசம்னா வேலையும் செய்யணும்ல? செய். மருமகனுக்கு உதவியா டிசைனர் தேவைன்னு ஒரு விளம்பரம் பண்ணிக் குடு."

செய்தேன் சித்தப்பா. ஒப்பந்தம் என்றால் எனக்கும்தான். என் குழியை நானே நல்ல எழுத்துருவில் வெட்டினேன். "குடும்பம் மாதிரி பழகும் இடம்" என்று பெரிதாக வைக்கச் சொன்னார், வைத்தேன். சம்பளத்தைச் சின்னதாக்கச் சொன்னார். எழுத்தையா, தொகையையா என்று கேட்டேன். "ரெண்டையும்" என்றார்.

விளம்பரம் வந்ததிலிருந்து என் போன் ஓயவில்லை. வடிவமைக்கும்போது எண்ணுக்கு விட்ட இடத்தில் என் எண்ணையே போட்டுவைப்பது என் பழக்கம். மாற்ற மறந்துவிட்டேன். அவரும் படிக்காமலே கட்டைவிரலைக் காட்டி அனுமதி கொடுத்துவிட்டார். கூப்பிட்ட எல்லாருமே என் வயதுக்காரர்கள். ஒரு பெண், பின்னால் பஸ் இரைச்சல், "எவ்வளவு குடுத்தாலும் சரிக்கா, நாளைக்கே வரட்டுமா?" என்றாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவள் மேல் இல்லை.

"போ. ஆனா நிறுத்தறதா இருந்தா ஒரு மாசம் முன்னாடி எழுதிக் குடுப்பீங்களான்னு முதல்ல கேளு."

"கேட்டா வேலை குடுப்பாங்களாக்கா?"

"கேக்காதவங்களை மட்டும் வெச்சுக்கிட்டாங்களா?"

எல்லாருக்கும் இதையே சொல்லி, கடை விலாசத்தையும் கொடுத்தேன்.

இந்த நேரத்தில் நீங்கள் போய், "சின்னப் பொண்ணு, தெரியாம பேசிட்டா" என்று சொன்னால் அத்தனையும் பாழ். மாதம் முடிந்ததும் கோப்புகளை முறையாக ஒப்படைத்துவிட்டுத் தலை நிமிர்ந்து வெளியே வருவேன். அந்தக் கடைப் படியை இனி மிதிக்க மாட்டேன். நீங்களும் மிதிக்காதீர்கள்.

சித்திக்கு என் வணக்கம். உங்கள் ஆசி வேண்டும், சிபாரிசு வேண்டாம்.

உங்கள் அன்பு மகள்.

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் முதலாளி கூப்பிட்டார். "வர்றவங்க எல்லாம் உக்காரும் முன்னாடியே நோட்டீஸ் எத்தனை மாசம்னு கேக்குறாங்கம்மா. அதுக்கு நீயே இருந்துடு." புது ஒப்பந்தம், இரண்டு மாத நோட்டீஸ் என்றேன். ஒத்துக்கொண்டார். அந்த பஸ் இரைச்சல் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வதென்றுதான் தெரியவில்லை. சாட்சிக் கையெழுத்து நீங்கள்தான் போட வேண்டுமாம். ஆகவே கடிதம் கிடைத்ததும் கடைக்கு வந்துவிடுங்கள், சித்தப்பா. பேனா நான் கொண்டுவருகிறேன். உங்கள் வாயை மட்டும் வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.