பொட்டு வைத்த துவக்கு

ஆக்லாந்தில் துப்பாக்கிக்குச் சந்தனம் குங்குமம் வச்ச ஒரே ஆள் எங்க துவக்கண்ணன்தான். சொந்தப் பேர் ஒண்ணு இருந்தது. அந்த ஆயுத பூஜைக்கப்புறம் அதைச் சொல்லி யாரும் கூப்பிடல.

யாழ்ப்பாணத்துக்காரர், அவங்க பேச்சில் துப்பாக்கின்னா துவக்கு. பென்ரோஸ் கோடவுனில் என்கூட ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். த்ரீ கிங்ஸ் ஏரியாவில் ஒரே வீடு, ஆளுக்கொரு ரூம். பழைய சாமான் எங்கே விக்கிறாங்களோ அங்கே நிப்பார். முள் இல்லாத கடிகாரம், மூணு கால் நாற்காலி, எதையும் விடமாட்டார்.

நான் அப்போ இங்கேயே நிரந்தரமா தங்க ரெசிடென்ஸுக்குப் போட்டுக் காத்திருந்தேன். போலீஸ் கேஸ்னு ஒண்ணு வந்தா ஊருக்கு டிக்கெட்தான். ஆளில்லா ரோட்டில்கூட பச்சை விளக்கு வர்ற வரைக்கும் நிப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. ஹாலில் ஸ்பேனர், பாக்ஸ் கட்டர், கார் சாவி எல்லாம் வச்சேன்.

"அண்ணே, ஆயுத பூஜை, உங்களுதையும் வைங்க."

உள்ளே போனார். இரட்டைக் குழல் துப்பாக்கியோட வந்தார். பொட்டு வச்சு நடுவில் படுக்க வச்சார்.

சுண்டல் கிண்ணம் கையை விட்டுப் போச்சு.

"என்னண்ணே இது?"

"ஆயுத பூசை எண்டுதானே சொன்னனி? நீ வச்சதெல்லாம் சாமான். இதுதான் ஆயுதம்."

"இதை எப்படிக் கொண்டாந்தீங்க?"

"இப்பத்தான் பழைய சாமான் சந்தையில வாங்கினனான். தோளிலதான்."

"யாராச்சும் பார்த்தாங்களா?"

"ஓம். எதிர்வீட்டு மனுசி பார்த்தவ. நான் கையைக் காட்டினன். அவ கதவைச் சாத்திப்போட்டா."

அவர் வாயை மூடலை, எங்க கதவைத் தட்டினாங்க. போலீஸ். ஒரு அம்மா, ஒரு ஆள்.

துவக்கண்ணன் கை ரெண்டையும் தூக்கினார். தனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷில் முதல்ல சொன்னது இதுதான்: இது என்னுது, தம்பிக்கு ஒண்ணும் தெரியாது.

தூக்கின கையை இறக்காமலே பாடம் ஆரம்பிச்சார். முன்னெல்லாம் வெடிமருந்தைக் குழல் வாய் வழியா போட்டு இடிக்கணும். இடிச்சு முடிக்கறதுக்குள்ள முயல் பேரன் பேத்தி எடுத்திரும். பிரெஞ்சுக்காரன் துப்பாக்கியை நடுவில் மடக்கினான். தோட்டா பின்பக்கமா போச்சு. தோட்டாவில் ஒரு ஊசி நீட்டிட்டு நிக்கும், சுத்தியல் அதில் அடிச்சா வெடிக்கும்.

அந்த அம்மா மடக்கிப் பார்த்தாங்க. காலி. யாருக்கோ போன் போட்டாங்க. ரொம்பப் பழசு, இதுக்குத் தோட்டா கடையில் கிடையாது, அலங்காரத்துக்கு வச்சுக்கலாம், தெருவில் தூக்கிட்டு நடக்காதேன்னாங்க. விரலெல்லாம் குங்குமத்தோட, ஒரு வாழைப்பழமும் வாங்கிட்டுப் போனாங்க.

நான் கதவைத் தாழ்ப்பாள் போட்டுட்டு வந்தேன்.

"உங்களுக்கு எதுக்குண்ணே துப்பாக்கி?"

கீழே சிந்தின சுண்டலைப் பொறுக்கிக்கிட்டே சொன்னார்.

"சண்டைக்குள்ள எத்தினையோ துவக்கு பார்த்திட்டன். எல்லாத்துக்கும் தோட்டா இருந்தது. இதுக்குத்தான் இல்லை."

எனக்கு ரெசிடென்ஸ் கிடைச்சது. அவர் மங்கரேயில் இருக்கிற மகள் வீட்டோட போயிட்டார். வீட்டுக்குள்ள துவக்கு வேண்டாம்னு மகள் சொல்லிட்டா. இப்போ என் கட்டிலுக்குக் கீழே இருக்கு. பூஜைக்குப் பொட்டு நான்தான் வைக்கிறேன்.

போலீஸ் வரட்டும். இது என்னுது, அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிக்குவேன்.