ஏழாவது தண்டவாளம்

தப்புச் செய்தால் ஒத்துக்கொள்ளும் பழக்கம் எனக்குக் கிடையாது. இந்த எழுபது வயதில் ஒரே ஒரு தடவைதான் ஒத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் செத்துப்போன மாமியாரிடம்.

என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் கிரேன் ஓட்டிவிட்டு ஆலங்குடிக்குத் திரும்பியதும் சும்மா உட்காரவில்லை. பொம்மை ரயிலாக வாங்கிக் குவித்தார். மாமியார் கடைசியாகப் படுத்திருந்த உள்ளறைதான் அதற்குத் தோதாக இருந்தது. (வேறு யாரும் அங்கே போவதில்லை. நானும்தான்.) மேசைமேல் திருமயம் கோட்டை மாதிரி ஒரு மலை, அதில் ஒரு குகை. குகைக்குப் பின்னால், மாமியாரின் கட்டில் கிடந்த சுவரோரம், பலகை போட்டு மூடிய இருட்டுப் பெட்டி. நுழைந்த வண்டிகள் அங்கே ஒளிந்து நிற்கும். வெளியூர் போய் வருகிற மாதிரி ஒவ்வொன்றாக வெளியே வரும். அதற்கு யார்டு என்று பெயர் வைத்திருந்தார்.

குனிந்தால் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். அதனால் யார்டுக்குள் தண்டவாளம் ஒட்டுகிற வேலை எனக்கு வந்தது.

"ஆறு கோடு போட்டிருக்கேன், கோட்டு மேலயே ஒட்டு. ரெண்டு வண்டிக்கு நடுவுல கை போகணும். உள்ள ஒண்ணு கவுந்துச்சுன்னா தூக்கணும்ல?"

"எனக்கா சொல்றீங்க? கல்யாணத்துக்குக் கல்யாணம் சீர்த்தட்டு வரிசை வைக்கிறவ நானு."

அங்கேதான் கெட்டது. சீர்த்தட்டை யாராவது ஆறாக வைப்பார்களா? ஐந்து, ஏழு, ஒன்பது என்றுதானே வைப்போம். அதுவும் சாவு நடந்த அறையில் இரட்டைப்படையா? மனசு கேட்கவில்லை. ஒரு துண்டுத் தண்டவாளம் மிச்சம் கிடந்தது. மூன்றை அங்கிட்டும் மூன்றை இங்கிட்டும் நெட்டி வளைத்து, நடுவில் அதை ஒட்டினேன். மொட்டையாக விட மனமில்லாமல், ஓடாத பழைய வண்டி ஒன்றையும் அதன்மேல் நிறுத்தினேன். அவரிடம் சொல்லவில்லை. (சொன்னால் பிடுங்கச் சொல்வார்.)

மறுநாள் மத்தியானம் ஓட்டிப் பார்த்தார். வண்டி குகைக்குள் போனதும் சுவர்ப் பக்கமிருந்து ஒரு சத்தம். கர்ர்ர்... கர்ர்ர்...

குரல் அடங்கி, காதோரம் முணுமுணுக்க மட்டுமே முடிந்த பிறகு மாமியார் என்னைக் கூப்பிட்டது அப்படித்தான்: நகத்தால் சுவரைக் கீறுவார். அதே இடம். அதே சத்தம்.

"புது வண்டில்ல, தேயணும்" என்றார் இவர்.

ஒரு வாரம் தினமும் கீறல். நான் நிலைப்படியில் விபூதி பூசினேன்.

ஞாயிற்றுக்கிழமை அரிமளத்திலிருந்து நாத்தனார்கள் இருவரும் ரயில் பார்க்க வந்தார்கள். அவர்களுடைய அம்மாவை நான் சரியாகப் பார்க்கவில்லை என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு. ஒரு குறையும் வைக்கவில்லை என்று நானும் வருஷக்கணக்காகச் சாதித்து வந்தேன். அன்றைக்கும் தலை நிமிர்ந்து, "யார்டு பூரா நான் ஒட்டுனது" என்றேன்.

இவர் ஜன்னலைச் சாத்தி, மலைக்குக் குட்டி விளக்குப் போட்டார். வண்டி நுழைந்தது. கர்ர்ர்... அப்புறம் சத்தமே இல்லை. வண்டியும் வரவில்லை.

"அம்மா கூப்பிடற மாதிரியே இருக்கு" என்றாள் சின்னவள், மெதுவாக.

"கவுந்துருச்சு போல. கைய விட்டுத் தூக்கு" என்றார் இவர்.

பலகையை நீக்கிக் கையை விட்டேன். விரல் நுழைந்தது, கண்ணாடி வளையலும் நுழைந்தது, பிறகு கை அங்கிட்டும் போகவில்லை, இங்கிட்டும் வரவில்லை. அந்த நேரம் பார்த்து அவர் வண்டியை ஓட்டும் திருகைத் திருப்பியிருக்கிறார். இருட்டுக்குள் ஏதோ ஒன்று என் மணிக்கட்டைப் பிடித்து, மெல்ல உள்ளே இழுத்தது.

"அயித்த! விட்டுருங்க அயித்த! ஏழாவது நான் போட்டதுதான்! ஒங்க மோர்ல தண்ணி ஊத்துனதும் நான்தான்! நீங்க செவத்தக் கீறுறப்ப, காது கேக்காத மாதிரி அடுப்படியில நின்னதும் நான்தான்!"



அவர் டார்ச் அடித்தார். ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்ற இரண்டு வண்டிகளுக்கு நடுவே என் வளையல் சிக்கியிருந்தது. "ஏழா?" என்றார். "கை போகணும்னு சொன்னேன்ல?"

பெரியவள்தான் தேங்காயெண்ணெய் தடவி வளையலை உருவினாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"மோரு விசயம் அம்மா அப்பவே சொல்லிருச்சு அண்ணி" என்றாள். "ஆனா ஒங்களுக்கு நெசமாவே காது மந்தம்னு நெனச்சு, பாவம் பாவம்னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு."

இப்போதெல்லாம் எங்கள் வீட்டு விசேஷங்களில் நான் சீர்த்தட்டு வைக்க உட்கார்ந்தால், "நடுவுல கை போகுமா அண்ணி?" என்பாள் ஒருத்தி. "அயித்த, விட்டுருங்க!" என்று கூட்டமே கத்தும். நானும் சிரித்துவைப்பேன்.

ஏழாவது தண்டவாளத்தை அன்றைக்கே பிடுங்கியாயிற்று. வண்டிகள் சத்தமில்லாமல் போய் வருகின்றன. ஆனாலும் சில மத்தியானங்களில், ரயில் ஓடாதபோதும், கர்ர்ர் என்கிறது. கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிப்போய், "என்ன வேணும் அயித்த?" என்று கேட்டுவிட்டு வருகிறேன்.

"இப்பத்தான் ஒனக்குக் காது கேக்குது" என்பார் இவர்.