ஒன்பது மாத வெர்ஷன்

ஓய்வு பெற்றவன் கையில் லேப்டாப்பைக் கொடுக்கக் கூடாது. விதிமுறைகளைப் படித்துவிட்டுத்தான் எதையும் தொடுவேன் என்பவனிடம் கொடுக்கவே கூடாது. படிக்காதவன் பயத்தில் சும்மா இருப்பான். படித்தவன் முறைப்படி கெடுப்பான்.

நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். பலகையில் ஒட்டும் அறிவிப்புகள் எல்லாம் நான் சொல்லச் சொல்ல டைப்பிஸ்ட் அடித்தவை. "திங்கள் முதல், கமா, மாதனூர் பஸ் அரை மணி முன்னதாகக் கிளம்பும், முற்றுப்புள்ளி" என்று குறிகளோடு சேர்த்துச் சொல்வதுதான் என் வழக்கம். ஓய்வுக்குப் பிறகு எங்கள் சர்ச் கமிட்டி லேப்டாப்பை என் பொறுப்பில் விட்டது. ஆராதனையில் பாட்டு வரிகளைத் திரையில் காட்டுவதற்கான லேப்டாப் அது.

அதில் இருந்தது லினக்ஸ் இயங்குதளம். (இலவசம் என்று கேட்டதும் கமிட்டி ஏகமனதாக ஏற்றுக்கொண்டது.) லினக்ஸில் நாங்கள் வைத்திருந்த ரகத்துக்கு இரண்டு விதமான வெர்ஷன்கள் உண்டு. ஒன்று நீண்டகால ஆதரவு வெர்ஷன், சுருக்கமாக எல்டிஎஸ். ஐந்து வருடம் பழுது பார்த்துக் கொடுப்பார்கள், பெரிதாகப் புதிய வசதி எதையும் சேர்க்க மாட்டார்கள். (பென்ஷன்காரர்களை டாக்டர்களும் இப்படித்தான் பராமரிக்கிறார்கள்.) மற்றது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புது வெர்ஷன். எல்லாம் புதுசாக இருக்கும், ஒன்பதே மாதத்தில் கைவிட்டுவிடுவார்கள். எங்களிடம் இருந்தது எல்டிஎஸ். ஒரு குறையும் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அதன்மேல் எனக்கிருந்த ஒரே புகார் அதுதான்.

அந்தச் சமயத்தில் மகள் ஜாஸ்மினுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. சர்ச்சைப் பார்க்க வந்தவர் லேப்டாப்பையும் பார்த்தார்.

"இன்னும் பழைய வெர்ஷன்லயே இருக்கீங்களா அங்கிள்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான்தான் சிரிக்கவில்லை.

ஜாஸ்மின் நகையிலோ புடவையிலோ தலையிடவில்லை. அவள் கேட்டது ஒன்றே ஒன்று: அம்மா எழுதிய பாட்டை, வந்திருக்கும் எல்லோரும் சேர்ந்து பாட வேண்டும். என் மனைவி ஸ்டெல்லா நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். மகளுக்காக அவள் எழுதிய பாட்டு அது. மெட்டு பழையது, ஊருக்கே தெரியும். வரிகள் அவளுக்கும், டைப் அடித்த எனக்கும் மட்டும்தான் தெரியும். கல்யாணத்தில் மற்ற பாட்டுகளைப் புத்தகத்தைப் பார்த்தே பாடிவிடலாம். இதற்கு மட்டும் பாட்டுத்தாள் அச்சடிக்கலாம் என்றாள் ஸ்டெல்லா. "அப்புறம் திரை எதுக்கு இருக்கு?" என்று நான் மறுத்துவிட்டேன்.

கம்பெனியில் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்குத் தலைவராக இருந்த அஸ்லம் பாய், டீக்கடையில் என் நிரந்தரத் துணை. அவரிடம் சொன்னேன்.

"கல்யாணத்துக்குள்ள புது வெர்ஷன் போட்டுடலாம்னு இருக்கேன் பாய்."

"இப்ப இருக்கறது ஓடலையா?"

"நல்லா ஓடுது."

"அப்பறம் இன்னா?"

"பழசு."

"ஞானராஜ் சார், சாம்பிள் சீல் ஆய்ட்டா நூல் கலரைக்கூட மாத்த மாட்டோம். ஓடற லைன்ல கை வெச்சா பேஜாராய்டும். உங்களுக்குத் தெரியாததா?"

(வெளிநாட்டுக்காரர்கள் ஒப்புக்கொண்ட மாதிரி ஷூவுக்கு சீல் போட்டுவிட்டால், கடைசி ஜோடி வரை அதைப் போலவேதான் தைக்க வேண்டும். அந்த விதியை அறிவிப்பாக எழுதி ஒட்டியவனே நான்தான்.)

"அது தோல் பாய். இது சாஃப்ட்வேர்."

"சரி சார். பிரியாணியாவது பழைய வெர்ஷன்தானே?"

கல்யாண வாரத்தில் காரியத்தில் இறங்கினேன். எல்லாம் முறைப்படி. பாட்டுகளைப் பென் டிரைவில் எடுத்தேன், சரிபார்த்தேன். பழையதைச் சுத்தமாக அழித்துப் புது வெர்ஷனை ஏற்றினேன். பாட்டுகளைத் திரும்பப் போட்டேன். புரொஜெக்டர், ஒலி, திரை தானாக அணைந்துவிடாமல் இருக்கிறதா என்று எல்லாவற்றையும் சோதித்தேன். மணமக்கள் பெயரை ஆங்கிலத்தில் பெரிதாகக் காட்டியும் பார்த்தேன், பளிச்சென்று தெரிந்தது. சோதித்தவனும் நானே, திருப்தி தெரிவித்தவனும் நானே.

தமிழில் ஒரு வரியைக் காட்டிப் பார்க்க வேண்டும் என்று எந்த விதிமுறையிலும் இல்லை.

கல்யாணத்தன்று போதகர் அந்தப் பாட்டை அறிவித்தார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நான் பொத்தானை அழுத்தினேன். திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளும் கலந்து நின்றன. அதில் ஒரு சொல்கூட எந்த மொழியிலும் இல்லை. பாட்டுகளை நான் கம்பெனிக் காலத்துப் பழைய எழுத்துருவில் அடித்து வைத்திருந்தேன். எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாறச் சொன்னவர்களையெல்லாம் எதிர்த்து நின்றவன் நான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் இப்படித்தான் தெரியும். அதுவோ பழைய வெர்ஷனோடு சேர்ந்து அழிந்துவிட்டிருந்தது.

மாப்பிள்ளையின் பெரியம்மா, பக்கத்தில் இருந்தவரிடம் பயபக்தியோடு சொன்னது எனக்குக் கேட்டது. "எங்க சபையில ஆவியில நிறைஞ்சு, யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசுவாங்க. இவங்க எழுதியே காட்றாங்க."

கீபோர்டுக்காரர் முன்னிசையை வாசித்து முடித்தார். மறுபடியும் வாசித்தார். ஜாஸ்மின் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். வார்டே அதிர அதட்டிய குரல் அவளுடையது. அன்றைக்கு வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது.

மைக்கைப் பிடித்தேன். "நான் வரி வரியாச் சொல்றேன், நீங்க அப்படியே பாடுங்க" என்றேன். பதற்றத்தில் மனிதனுக்குக் கைகொடுப்பது நெடுநாள் பழக்கம். எனக்கும் கொடுத்தது.

"பாலாற்று மணலுக்குள் நீராக இருப்பவரே, கமா."

பெண் வீட்டுப் பக்கத்தில் பாதிப்பேர் மாதனூரிலிருந்து வந்திருந்த எங்கள் கம்பெனித் தொழிலாளர்கள். என் அறிவிப்பை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிப் பழகியவர்கள். நிறைவேற்றினார்கள்.

"...நீராக இருப்பவரே, கமா."

தவறு அப்போதே புரிந்துவிட்டது. ஆனால் ஒரு வரிக்குக் கமா போட்டுவிட்டு அடுத்த வரிக்கு விடுவது எப்படி என்று யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"தனி வழி இரண்டை ஒன்றாக்கித் தருபவரே, கமா."

கீபோர்டுக்காரர் இதற்குள் கமாவுக்கு ஒரு சுரம் கண்டுபிடித்துவிட்டார். மூன்றாவது வரியில் மாப்பிள்ளை வீட்டாரும் சேர்ந்துகொண்டார்கள். ஜாஸ்மினின் முக்காடு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஸ்டெல்லாவுக்கும் குரல் திரும்பியது.

"இந்தப் பிள்ளைகள் வீட்டிலும் அப்படியே இரும்" என்று கடைசி வரியைச் சொல்லி, கவனமாக அதோடு நிறுத்தினேன்.

"முற்றுப்புள்ளி" என்று முடித்து வைத்தவள் ஸ்டெல்லா.

பந்தியில் அஸ்லம் பாய் எனக்கு எதிரே உட்கார்ந்தார். புது வெர்ஷனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பிரியாணியைச் சாப்பிட்டு முடித்து, "பாட்டு நல்லா இருந்துச்சு சார். செமிகோலன்தான் கொஞ்சம் கம்மி" என்றார். அடுத்த வாரம் கம்பெனியில் சீல் போட்ட சாம்பிளில் கட்டும் அட்டை ஒன்றைக் கொண்டுவந்து லேப்டாப்பில் கட்டிவிட்டுப் போனார். அதை அவிழ்க்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

புது வெர்ஷனின் காலம் முடிந்ததும் எல்டிஎஸ்ஸுக்கே திரும்பினேன். பாட்டுகளை யூனிகோடில் புதிதாக அடித்தேன். முதல் கல்யாண நாளுக்கு மகளும் மாப்பிள்ளையும் வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, ஸ்டெல்லாவின் பாட்டைத் திரையில் போட்டேன். தெளிவான தமிழ். நிறுத்தற்குறி ஒன்றுகூட இல்லாமல் அடித்திருந்தேன்.

மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்து, "கமா எங்க மாமா?" என்று கேட்டார்.

பதில் சொல்வதற்குள் முதல் வரி முடிந்தது. சபையார் திரையில் இருந்ததைச் சரியாகப் படித்து, இல்லாததையும் சேர்த்துப் பாடினார்கள். இப்போது எங்கள் சர்ச்சில் கல்யாணம் என்றால் அந்தப் பாட்டைக் கேட்டு வாங்குகிறார்கள். புது வெர்ஷனுக்கான ஆதரவு ஒன்பது மாதத்தில் முடிந்தது. கமாவுக்கான ஆதரவு முடிவதாகத் தெரியவில்லை.